எலிகளுக்கு நான் கொடுத்த இரண்டாவது இரவு

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்று வளர்த்தது நான்கு. அக்கா செத்த பிறகு அவளுடைய மகனையும் சேர்த்து ஐந்து. சுண்டெலிகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் உங்கள் மலரில் இடம் போதாது.

நான் பதினெட்டு வருடம் வேலை செய்த, ஆராய்ச்சிக்கு எலி வளர்க்கிற மிருக வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். குளிரூட்டி, பெட்டிக்குப் பெட்டி காற்றுக் குழாய், எலியைப் பார்க்கக் கமரா. திறப்பு விழாவுக்கு மலர் போடுகிறார்களாம். இப்போது பொறுப்பாக இருக்கும் மிஸ், நீர்வேலியில் உள்ள என் வீட்டைத் தேடி வந்தார். "அம்மா, நீங்கள் வேலை செய்த காலத்தைப் பற்றி எழுதித் தரவேணும். புதுசா வந்த பிள்ளையள் கேக்கினம்" என்றார். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. கையெழுத்து வைப்பேன், பஸ்சின் பலகை வாசிப்பேன், அவ்வளவுதான். "எழுத மாட்டன், சொல்லுவன்" என்றேன். "சொல்லுங்கோ, ஆரேன் எழுதட்டும்" என்றார். மகளின் மகள் எழுதுகிறாள். நிலையத்தின் பெயர் மலரின் அட்டையில் இருக்கும், நான் வேறு சொல்லத் தேவையில்லை.

என் மனுசன் மேசன். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து அவர் படுத்த வருடம் நான் வேலைக்குப் போனேன். பெட்டி கழுவுவது, மரத்தூள் மாற்றுவது, தண்ணீர்ப் போத்தலை நிரப்புவது. அதைப் பழக ஒரு கிழமை போதும். எலியை வாலின் அடியில் பிடிக்கப் பழக ஒரு மாதம். எல்லாம் பழகிவிட்டேன் என்று நினைத்திருந்த மூன்றாம் மாதத்தில் ஒரு பிழை விட்டேன். கழுவி முடித்துத் திரும்பப் போடும்போது ஒரு பெட்டியின் ஆண் எலியை, அடுத்த பெட்டியின் ஆண் என்று நினைத்து, அங்கே போட்டுவிட்டேன். இரண்டும் வெள்ளை, இரண்டுக்கும் சிவப்புக் கண். அடுத்த பெட்டியில் ஒரு தாய் எட்டுக் குஞ்சு போட்டிருந்தது. விடிய வந்து பார்த்தால் ஒன்றும் மிச்சமில்லை. தாய் மூலையில் நின்றது. ஆண் எலி மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

நான் அழுதேன். அப்போதுதான் சேர் வந்தார்.

சேர் என்று நான் சொல்வது அந்தப் பகுதியின் தலைவரை. மெலிந்த மனுசன். வாசலில் செருப்பைக் கழற்றுவார். மணமில்லாத சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவுவார். பிறகுதான் உள்ளே வருவார். நாங்களும் அப்படித்தான் வரவேண்டும். தலையில் பூ கூடாது, பவுடர் கூடாது. ஒரு வெள்ளிக்கிழமை நான் கோயிலால் நேரே வந்தேன், நெற்றியில் சந்தனம். "திருநீறு இருக்கட்டும், சந்தனத்தைக் கழுவும். சாமி கோவியாது, எலி கோவிக்கும்" என்றார். சிரிக்காமல் சொல்வார். சிரிக்க வேண்டியது நாங்கள்.

அன்று அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கண்டதைச் சொல்லும். நினைச்சதைப் பிறகு கேக்கிறன்" என்றார். எத்தனை மணிக்குக் கழுவினேன், எந்தப் பெட்டி முதல், எந்தக் கையால் எடுத்தேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்டதையே திரும்பவும் கேட்டார், மூன்றாம் தரமும் கேட்டார். குரல் ஒரு தரமும் உயரவில்லை. எல்லாவற்றையும் பென்சிலால் எழுதினார். கடைசியில், "அவன் கெட்டவன் எண்டு நினைக்கிறீரோ?" என்றார். ஓம் என்றேன். "துணை சேராத ஆணுக்கு ஆருடைய குஞ்சும் ஒரு தொந்தரவு. அவனையே ஒரு பெண்ணோடை விட்டு, அது குஞ்சு போடுற நாள் வரட்டும். பிறகு பாரும்" என்றார்.

கடிக்கிற ஆண் கடிக்காமல் மாறுவதைப் பார்க்கத்தான் அங்கே எல்லா வேலையும் நடந்தது என்று மெல்ல மெல்ல விளங்கியது. நலமடித்த, அதாவது விதை எடுத்த, ஆண் எலிகள் ஒரு வரிசையில் இருந்தன. மாட்டுக்குச் செய்வதைத்தான் எலிக்கும் செய்வார்கள், சின்னக் கத்தியால். அவை பெரும்பாலும் குஞ்சைக் கடியா, மற்ற ஆணோடு சண்டைக்கும் போகா. அவற்றுக்கு ஆண் ஓமோனை, அந்தச் சுரப்பு நீரை, எண்ணெயில் கலந்து ஊசியால் ஏற்றினால், சில நாளில் வாலைப் படபடவென்று அடித்துக்கொண்டு பாயும். என் வலது பெருவிரலில் இன்னும் இரண்டு பல்லின் தழும்பு இருக்கிறது. தகப்பனாகப் போகிற எலிக்குப் பால் சுரக்கவைக்கிற ஓமோன் ஏறுமாம். அது தாய்க்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். "இவை எல்லாத்துக்கும் பங்கு இருக்கு. எதுக்கு எவ்வளவு பங்கு எண்டுதான் எனக்குத் தெரியேல்லை" என்பார் சேர். படித்த ஒருவர் தெரியாது என்று சொல்லி நான் முதன்முதலில் கேட்டது அங்கேதான்.

பஸ்சில் என்னோடு வாழைக்குலை ஏற்றிக்கொண்டு வரும் பெண்களுக்கு என் வேலை ஒரு பகிடி. "பாக்கியம், உந்த ஊசியிலை மிச்சம் இருந்தால் கொண்டு வா, என்ரை மனுசனுக்கும் போடவேணும்" என்பாள் ஒருத்தி. "எந்த ஊசி? ஏத்திறதோ, இறக்கிறதோ?" என்று மற்றவள் கேட்பாள். பஸ் முழுக்கச் சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆனால் யோசிக்காமல் இருக்கவில்லை. என் மனுசன் பிள்ளைகளுக்குக் கை நீட்டுகிற ஆள். முதல் மூன்று பிள்ளையும் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் அடுப்படிக்குள் ஓடிவிடும். இடுப்பு உடைந்து வீட்டோடு இருந்தபோது கடைசிப் பிள்ளைக்கு ஒன்றரை வயது. நான் வேலைக்கு வந்துவிடுவேன். அவர்தான் இருந்த இருப்பில் குளிப்பாட்டி, சோறு தீத்தி, நெஞ்சில் போட்டு உறங்க வைத்தார். அந்தப் பிள்ளைக்கு அவர் ஒரு நாளும் கை ஓங்கவில்லை. ஒரு நாள் வெட்கத்தை விட்டுச் சேரிடம் கேட்டேன், அவருக்கும் ஓமோன் இறங்கிவிட்டதோ என்று.

"இடுப்பு உடைஞ்சதாலையோ, பிள்ளையைத் தூக்கினதாலையோ, ஓமோனாலையோ, எனக்கென்ன தெரியும்? உம்முடைய மனுசனிட்டை நான் ஒரு துளி இரத்தமும் எடுக்கேல்லையே" என்றார். பிறகு, "எதாலை எண்டாலும் பிள்ளைக்கு நல்லது" என்றார்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். இது என் ஆறாவது வருடத்தில் நடந்தது. அப்போதும் நான் நாட்கூலி. நிரந்தரமாக்கச் சொல்லிச் சேர் கடிதம் எழுதியிருந்தார், பதில் வரவில்லை.

மைதிலி என்று ஒரு பிள்ளை மேற்படிப்புக்கு வந்தாள். என்னை அன்ரி என்பாள். சாப்பாட்டில் பாதியை எனக்குத் தருவாள். அவளுடைய வேலை இதுதான். ஒரு ஆண் எலியைப் பெண்ணோடு சேர்க்கிறது. அடுத்த நாள் காலையில் பெண்ணில் அடையாளம் பார்த்து, சேர்ந்ததென்றால் ஆணைத் தனிப் பெட்டியில் போடுகிறது. அன்றிலிருந்து நாள் எண்ணுகிறது. அவன் அந்தப் பெண்ணைத் திரும்பப் பார்க்க மாட்டான். குஞ்சு போட்டதும் அவனுக்குத் தெரியாது. ஆனாலும் ஏறத்தாழ இருபதாம் நாள், அவள் குஞ்சு போடுகிற காலம், அவன் மாறிவிடுவான். ஆருடைய குஞ்சைப் போட்டாலும் கடிக்க மாட்டான், தூக்கிக் கூட்டுக்குள் கொண்டுபோய் வைத்து மேலே படுப்பான். "அவனுக்குத் தன்ரை பிள்ளை எது எண்டு தெரியாது. நாள்தான் தெரியும்" என்பார் சேர். மாறுகிற நாளில் இரத்தத்தில் ஓமோன் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது மைதிலியின் படிப்பு.

பார்க்கிற வேலை எனக்கும் உண்டு. பிறந்து ஒரு நாளான குஞ்சைப் பஞ்சில் வைத்து உள்ளங்கையில் சூடாக்கவேண்டும். குளிர்ந்த குஞ்சை நல்ல தகப்பனும் திரும்பிப் பார்க்க மாட்டான். பிறகு ஆண் எலியின் கூட்டுக்கு எதிர் மூலையில் அதை வைத்து, மணிக்கூட்டைப் பார்த்து, கால் மணித்தியாலம் கண் எடுக்காமல் இருக்கவேண்டும். எழுத்து எனக்கு வராததால் சேர் குறி சொல்லித் தந்தார். சும்மா இருந்தால் கோடு. மணந்து பார்த்தால் புள்ளி. தூக்கிக்கொண்டு கூட்டுக்குப் போனால் வட்டம். பாய்ந்தால் பெருக்கல் குறி. பாய்கிறவனுக்கும் குஞ்சுக்கும் நடுவில் அகப்பைக் காம்பை வைத்துத் தடுக்கவேண்டும். கை பிந்தினால் குஞ்சு போய்விடும். என் கை ஆறு தரம் பிந்தியிருக்கிறது.

அறைக்கு யன்னல் இருந்தும் தகரம் அடித்து மூடியிருந்தது. வெளிச்சம் குழல் விளக்கில்தான். சுவரில் ஒரு நேரப் பெட்டி. அது காலை ஆறு மணிக்கு விளக்கை எரிக்கும், பின்னேரம் ஆறு மணிக்கு அணைக்கும். அதற்குக் கீழே ஒரு சுவிச்சும் இருந்தது. ஒருவரும் அதைத் தொடுவதில்லை.

அந்த வருடம் மைதிலி எலிகளைச் சேர்த்துப் பிரித்து நாலு நாள் போனதும் காண்டாவன வெயில் தொடங்கியது. வைகாசியில் வருகிற அந்த வெக்கையை இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தகரம் கொதிக்கும். முந்திய வருடம் அதே வெயிலில் இரண்டு தாய் எலி செத்திருந்தன. நான் ஈரச் சாக்கு தொங்கவிட்டேன், நிலத்துக்குத் தண்ணீர் தெளித்தேன். விளக்குச் சூட்டையாவது குறைப்போம் என்று பன்னிரண்டு மணிக்குச் சுவிச்சை அணைத்தேன். இரண்டு மணிக்குத் திரும்ப எரித்தேன். அடுத்த நாளும் அப்படி. பிறகு ஒவ்வொரு நாளும் அப்படி.

அதோடு ஒன்று. இருட்டில் சீமெந்து நிலம் குளிரும். நான் சேலைத் தலைப்பை விரித்துப் படுத்தேன். விடிய நாலு மணிக்கு எழும்பி ஏழு பேருக்குச் சமைத்து, மனுசனைத் தூக்கி இருத்திவிட்டு வருகிற உடம்பு. இருட்டியதும் எலிகள் எல்லாம் எழும்பி ஓடத் தொடங்கும். மரத்தூள் சரசரக்கும். அந்தச் சத்தத்தில் கண் சொருகிவிடும். நித்திரை கொண்டேன். மைதிலி அந்த நேரம் மேல்மாடியில் படித்துக்கொண்டிருப்பாள், சேர் வகுப்பில். ஒருவருக்கும் தெரியாது.

பன்னிரண்டாம் நாள் குஞ்சு வைத்துப் பார்த்தோம். முதல் எலி வட்டம். இரண்டாவது வட்டம். மூன்றாவது மணந்து பார்த்துவிட்டுத் தூக்கியது, அதுவும் வட்டம். பெருக்கல் குறி வரவேண்டிய நாள் அது. மைதிலி கொப்பியைப் பறித்துப் பார்த்தாள்.

"அன்ரி, வடிவாப் பாத்தனீங்களோ?"

"என்ரை கண்ணிலை என்ன பிழை? நீயும்தானே பாத்தனி."

"அப்ப எங்கடை எலியள் வேறை மாதிரி! எட்டு நாள் முந்துது. இதை வெளியிலை சொன்னால் எல்லாரும் திரும்பிப் பாப்பினம்." என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினாள். ஆவணிக்குள் எழுதிக் கொடுத்தால் வெளிநாட்டில் ஒரு படிப்பு இடம் அவளுக்காகக் காத்திருந்தது. அவளுடைய சந்தோசத்தைப் பார்த்து நானும் சிரித்தேன். அப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சேர் வந்து நின்று கொப்பியைப் புரட்டினார். நான் பக்கத்தில் போத்தல் கழுவிக்கொண்டிருந்தேன். "மைதிலி, எலி நாளை எப்பிடி எண்ணுது எண்டு யோசிச்சனீரோ? மணித்தியாலத்தை எண்ணுறதில்லை. வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வாறதைத்தான் எண்ணுது எண்டு சொல்லுகினம்" என்றார்.

என் கையால் போத்தல் நழுவி விழுந்து உடைந்தது.

சேர் திரும்பினார். "லைற் ஒழுங்கா வேலை செய்யுதோ, பாக்கியம்?"

"ஓம் சேர். நேரப் பெட்டி ஒழுங்கா வேலை செய்யுது."

பெட்டி ஒழுங்காகத்தான் வேலை செய்தது. அவர் பெட்டியைப் பற்றிக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். குனிந்து கண்ணாடித் துண்டு பொறுக்கினேன்.

அன்று மத்தியானம் நான் விளக்கை அணைக்கவில்லை. வெக்கையில் இருந்து எலிகளைப் பார்த்தேன். வீட்டில் சோற்றைத் தட்டோடு தள்ளி வைத்தேன். மனுசன், "என்ன, எலி கடிச்சதோ?" என்று கேட்டார். சொன்னால் வேலை போகும். இத்தனை வருடம் பார்த்திருந்த நிரந்தரம் போகும். அதைவிடப் பெரிது, பாக்கியம் வேலை நேரத்தில் படுத்தாள் என்று நாலு பேர் சொல்வார்கள். என்னை ஒருவர் சோம்பேறி என்று சொல்ல நான் இடம் வைத்ததில்லை. சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை பொய்யான ஒன்றைத் தன் பெயரோடு உலகத்துக்குச் சொல்லிவிடும். எட்டு நாள் இப்படிப் போனது.

ஒன்பதாம் நாள் மைதிலியிடம் சொன்னேன். அவள் போய்க் கதிரையில் இருந்தாள். "இரண்டு மணித்தியாலம்தானே, அன்ரி. அதாலை இருக்காது" என்றாள். பிறகு மெதுவாக, "சேரிட்டைச் சொல்லாதைங்கோ. எனக்கு இன்னொரு வருசம் இல்லை. உங்கடை கடிதமும் வரப்போகுது. ஆருக்கு என்ன நட்டம்?" என்றாள். அவளில் நான் பிழை சொல்ல மாட்டேன். இருபத்தைந்து வயது. வீட்டில் அவளுக்குக் கீழே மூன்று பெண்.

"எனக்குத் தெரிஞ்சு போச்சு, பிள்ளை. இனித் தெரியாதவள் மாதிரி குறி போடேலாது" என்று சொல்லிவிட்டு மேலே போனேன். அவள் பின்னால் வரவில்லை.

சேர் தயிர்ச் சாதம் சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்று சொன்னேன். அவர் பென்சிலை எடுத்தார்.

"எத்தினை மணிக்கு அணைச்சனீர்?"

"பன்னிரண்டுக்கு, சேர்."

"எத்தினை மணிக்கு எரிச்சனீர்?"

"இரண்டுக்கு."

"எந்த நாளிலையிருந்து?"

"சேர்த்துப் பிரிச்ச நாலாம் நாள் முடிய."

எழுதினார். "நாலு. பிறகு எட்டு நாள், நாளுக்கு இரண்டு இருட்டு, பதினாறு" என்று தனக்குள் சொன்னார். "நாலும் பதினாறும்." இருபது என்று அவர் சொல்லவில்லை. நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். அவ்வளவு கணக்கு எனக்குத் தெரியும்.

பிறகு எல்லாவற்றையும் திரும்பக் கேட்டார். "எத்தினை மணிக்கு எரிச்சனீர்?" இரண்டு என்றேன். மூன்றாம் தரமும் கேட்டார். அப்போது நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"சரியாத் தெரியாது, சேர். நான் கீழை படுத்தனான். நித்திரை கொண்டனான். சில நாள் எழும்பேக்கை மூண்டரை."

அன்று அவரிடம் இதைச் சொல்லும்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சேலைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு நின்றேன். அவர் 'இரண்டு' என்பதை அழித்தார். 'தெரியாது' என்று எழுதியிருப்பார். அவருடைய கையெழுத்து எனக்கு வாசிக்க வராது, ஆனால் சொல் நீளமாக இருந்தது.

"கோவமோ, சேர்?"

"எலியிலை கோவிக்கேலாது. உம்மிலையும் ஏலாது. அந்தச் சுவிச்சுக்கு நான் ஏன் பூட்டுப் போடேல்லை எண்டு யோசிக்கிறன்" என்றார்.

அடுத்த நாள் தச்சன் வந்து சுவிச்சுக்கு மேலே ஒரு தகர மூடி அடித்துப் பூட்டுப் போட்டான். சேர் திறப்பை என்னிடம்தான் தந்தார். ஓய்வு பெறும் வரை அது என் தாலிக்கொடியோடு கிடந்தது.

மைதிலியின் அந்த வருடக் குறிப்பு முழுவதையும் சிவப்பு மையால் குறுக்கே கோடு இழுத்து மூடினார்கள். வெளிநாட்டு இடம் வேறு ஒருவருக்குப் போனது. அவள் முதலிலிருந்து தொடங்கினாள். ஒழுங்கான வெளிச்சத்தில் எலிகள் இருபதாம் நாளை அண்டித்தான் மாறின. பிறகு சேர் சொல்லி வேண்டுமென்றே மத்தியானம் இருட்டாக்கிப் பார்த்தார்கள். அவை முன்பு போலவே முந்திக்கொண்டன. இரத்தத்திலும் ஏதோ முந்தியதாம், அது எனக்கு விளங்கவில்லை. அவள் நல்ல பெயர் எடுத்துத்தான் போனாள். போகும்வரை என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டையும் பிரிக்கவில்லை. கடைசி நாள் வாசலில் செருப்பைப் போடும்போது, "வாறன்" என்றாள். அது எனக்கோ, கட்டடத்துக்கோ தெரியாது.

என் நிரந்தர நியமனம் இரண்டு வருடம் பிந்தி வந்தது. நடந்ததை உள்ளபடி மேலிடத்துக்கு எழுதியதாகச் சேரே சொன்னார். அவர் அப்படித்தான் எழுதுவார் என்று எனக்குத் தெரியும். அந்த இரண்டு வருடமும் எனக்குக் கசந்தது. நான் செய்தது சரி என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லவும் உடம்பில் தெம்பில்லை. களைத்துப்போனேன், அவ்வளவுதான்.

புதிதாக வந்த பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்ல? உங்களுக்குக் கமரா இருக்கிறது. அது படுக்காது. நீங்கள் படுப்பீர்கள், படுக்கத்தான் வேண்டும், உடம்பு எல்லாருக்கும் ஒன்றுதான். படுத்தால் எத்தனை மணிக்கு எழும்பினீர்கள் என்பதை எழுதி வையுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுங்கள்.

இதோடு போதும். பிள்ளை, இனி நீ எழுதினதை வாசி, கேப்பம். முதலிலையிருந்து வேண்டாம். நான் நிலத்திலை படுத்த இடத்தை வாசி.

என்னது? 'சற்று ஓய்வெடுத்தேன்' எண்டோ? நான் அப்பிடிச் சொல்லேல்லையே. மலரிலை வாறது, ஊர் பாக்கும் எண்டு உனக்கு வெக்கமோ? ஓய்வெடுத்தவளுக்கு மணி தெரியும், மோனை. எனக்குத் தெரியேல்லை. அதாலைதான் அந்தப் பிள்ளையின்ரை ஒரு வருசம் போனது. வெட்டு அதை. நித்திரை கொண்டேன் எண்டு எழுது.

எழுதிப்போட்டியோ? சரி, இப்ப வாசி.